கல்வெட்டில் என்னைப் பற்றி ஒரு வரி

அப்பாவின் கல்வெட்டில் பதினோராம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. ‘இளைய மகள் மொன்றியலில் கல்லூரியொன்றில் கணக்கியல் கற்று வருகின்றார்.’ அந்த வரி பொய். அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் செய்யும்போது ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். முன்னட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு அவருடைய வாழ்க்கை வரலாறு. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், என்ன படித்தார்கள், என்ன வேலை என்பதெல்லாம் அதில் வரும். வாங்கிப் போகிறவர்கள் தேவாரத்தை வாசிப்பதில்லை. பிள்ளைகளின் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள். நானும் மற்ற வீட்டுக் கல்வெட்டுகளை அப்படித்தான் திறந்திருக்கிறேன்.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி அச்சுக்கடை வைத்திருக்கும் மாமாதான் அதை எழுதினார். அப்பா செத்துப் பன்னிரண்டாம் நாள் எனக்கு ஃபோன் எடுத்தார்.

“பிள்ளை, அண்ணையின்ர விசயமெல்லாம் அம்மா சொல்லிப்போட்டா. உன்ர படிப்பு ஒண்டுதான் மிச்சம். என்ன படிக்கிறாய் எண்டு வடிவாச் சொல்லு. அச்சிலை ஏறினாப் பிறகு மாத்தேலாது.”

“கணக்கியல், மாமா.”

“கடைசி வருசமோ?”

“இல்லை. இன்னும் இருக்கு.”

“அப்ப ‘கற்று வருகின்றார்’ எண்டு போடுறன். அது எப்பவும் பொருந்தும்.”

மாமா சிரித்தார். ரொறொன்ரோவில் லொறி ஓட்டும் அண்ணாவை அவர் ‘போக்குவரத்துத் துறையில் பணியாற்றுகின்றார்’ என்று எழுதியிருந்தார். கல்வெட்டில் எல்லோருமே கொஞ்சம் உயர்ந்துவிடுவார்கள். ஆனால் அண்ணாவிடம் லொறி இருக்கிறது. என்னிடம் ஒன்றும் இல்லை. அப்போதாவது ‘மாமா, அதைப் போடவேண்டாம்’ என்று சொல்லியிருக்கலாம். அப்பா போய்விட்டார், இனி அவரிடம் பிடிபட மாட்டேன் என்ற நிம்மதிகூட ஒரு கணம் வந்தது. அதை எழுதவே கை கூசுகிறது.

பதின்மூன்று வயதில் அம்மாவோடும் அண்ணாவோடும் இங்கே வந்தேன். அப்பா அதற்கு முன்பே வந்து டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். என்னைப் பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளின் வகுப்பில் போட்டார்கள். கதைக்கப் பழகிவிட்டேன். பாடம் மட்டும் ஏறவில்லை. பதினேழு வயதில் ஒரு சான்றிதழும் இல்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டேன். வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்ந்து முடிக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லி, சேர்ந்து, இரண்டு மாதம் இருந்தேன். கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கதைப்பார். எனக்கு ஒன்றும் விளங்காது. ஒரு நாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. பிறகு பஸ் தரிப்பில் பழகிய ஒரு அக்கா தான் வேலை செய்த இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனா. சான்விச் செய்து முக்கோணப் பெட்டியில் அடைத்து, தெப்பனர் எனும் மூலைக்கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பும் கொம்பனி அது. காலை ஆறரைக்குத் தொடங்கும். வீட்டில் வகுப்பு வெள்ளெனத் தொடங்குகிறது என்றேன்.

முதல் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குசினி மேசையில் வைத்தபோது அப்பா கேட்டார்.

“எங்காலை பிள்ளை காசு?”

நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் படிப்புக்கான கடன், உதவித்தொகை பற்றி ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அதுதான் வாயில் வந்தது.

“படிக்கிற ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிறது, அப்பா.”

“சும்மாவோ?”

“கொஞ்சம் கடன். கொஞ்சம் சும்மா.”

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். “இஞ்சை வா, இதைக் கேள். படிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்களாம். நான் பத்து வருசமா வெங்காயம் வெட்டுறன், எனக்கு இப்பிடி ஒருத்தனும் சொல்லேல்லை.”

அவர் அவ்வளவு சந்தோசமாகச் சிரித்ததால் அடுத்த கிழமை உண்மையைச் சொல்வோம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அவர் கோயிலில் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டார். பிறகு எப்படிச் சொல்வது? ஒரு வருடம் போனதும் பள்ளிக்கூடம் முடிந்தது, கொலிஜ் கிடைத்திருக்கிறது என்றேன். என்ன படிப்பு என்று கேட்டார். எங்கள் கொம்பனியில் கணக்கு எழுதும் பிள்ளை மட்டும்தான் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவாள். அவளை நினைத்துக்கொண்டு ‘கணக்கியல்’ என்றேன்.

அப்பா பழைய சாமான் கடையில் ஒரு மேசை வாங்கித் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். பொத்தான் நிறைய உள்ள ஒரு கல்குலேற்றர் வாங்கித் தந்தார். அவருக்கு ஞாயிறும் திங்களும்தான் லீவு. அந்த இரண்டு நாளும் கிரிக்கெட்டைச் சத்தம் இல்லாமல் பார்ப்பார். ஆள் அவுட்டானால் கையை மட்டும் உயர்த்துவார். அறைக்குள் நான் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு நித்திரை கொள்வேன். ஒரு தடவை அவர் கதவைத் திறந்து பார்த்து, “இஞ்சேர், சத்தம் போடாதை, பிள்ளை படிச்சுக் களைச்சுப்போனாள்” என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் பொய் எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கும். ஆனால் அரசாங்கக் காசு எடுக்கத் தெரிந்த பிள்ளை என்று அப்பா ஊரெல்லாம் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வரத் தொடங்கியது. முதலில் வந்தவ மேல்மாடி அன்ரி. அவவின் மூத்த மகன் கொலிஜ் போகப் போகிறான்.

“பிள்ளை, உனக்குத்தானே இது பழக்கம். அவனுக்கும் ஒருக்கா நிரப்பிக் குடன்.”

நான் அதுவரை அந்தப் படிவத்தைக் கண்ணால் கண்டதில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கி வைத்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். விளங்காத சொல்லை ஃபோனில் தேடினேன். கணக்கு வாத்தியார் சொல்லி விளங்காதது எனக்கு அதில் விளங்கியது. பெரிய கேள்வி தாய் தகப்பனின் வருமானம்தான். அவர்கள் உழைத்தால் பிள்ளைக்குக் கொடுப்பார்கள் என்று அரசாங்கம் நினைக்கிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்கும். முதலில் கடனாகத் தரும். அது போதாவிட்டால் மேலே உதவித்தொகை. உதவித்தொகையைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை, கடனைப் படிப்பு முடிந்த பிறகு கட்டவேண்டும்.

“இவர் கையிலை வாங்கிற காசையும் போடவேணுமோ?” என்று அன்ரி குரலைத் தாழ்த்திக் கேட்டா.

“வரிக் கடுதாசியிலை என்ன இருக்கோ அதைத்தான் அன்ரி அவை பாப்பினம். ஆனா நான் பொய் எழுத மாட்டன்.”

அப்படிச் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அன்ரியின் மகனுக்குக் காசு வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் யாராவது கடிதத்தோடு வருவார்கள். கூடவே சின்னப் பிள்ளைகளையும் கொண்டுவருவார்கள். அதுகள் என் மேசைக்குக் கீழே இருந்து விளையாடும். நான் ஒரு கையால் எழுதி மறுகையால் அதுகளுக்குப் படம் கீறிக் கொடுப்பேன். பொய்க்குள் இருந்த நல்ல நேரம் அதுதான்.

ஒரு நாள் யாருக்கோ நிரப்பும்போது ஒரு வரியைக் கண்டேன். படிப்பை விட்டுவிட்டு இரண்டு வருடம் முழுநேரமாக வேலை செய்து தன் செலவைத் தானே பார்த்தவர் என்றால் தாய் தகப்பனின் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள். அது என்னைப் போன்றவர்களுக்கான வரி. உண்மையைச் சொன்னால் எனக்கு உதவி கிடைக்கும். ஆனால் அந்த உண்மையைத்தானே நான் ஒளித்து வைத்திருந்தேன். பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

பிறகு அப்பாவுக்கு வருத்தம் வந்தது. வயிற்றில் தொடங்கி, கண்டுபிடித்தபோது எல்லா இடமும் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் வேகமாகப் பிரெஞ்சில் கதைத்தார். அப்பா கட்டிலில் இருந்தபடி என்னைக் கையால் காட்டி, “மா ஃபீ, கொலிஜ்” என்றார். தன் மகள் கொலிஜில் படிக்கிறாள், அவளோடு கதை என்று அர்த்தம். டொக்டர் என் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார். பாதிதான் விளங்கியது. ஆங்கிலத்தில் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். இன்னும் சில கிழமை இருக்கிறது என்று டொக்டர் சொன்னதாக வீட்டில் சொன்னேன். ஐந்தாம் நாள் அப்பா போய்விட்டார். அண்ணா லொறியோடு வேறு மாகாணத்தில் இருந்தார். அவர் வந்து சேர ஒரு நாள் பிந்திவிட்டது.

அந்த ஐந்து நாளில் ஒரு நாள் அம்மா ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எனக்குச் சாப்பிட ஒரு சான்விச் வாங்கி வந்தா. எங்கள் கொம்பனியினது. நான் அடைத்ததாகக்கூட இருக்கலாம்.

“வடிவா அடைச்சிருக்கிறாங்கள்” என்றா அம்மா. நான் சாப்பிட்டேன்.

முப்பத்தொன்று முடிந்து மிஞ்சிய கல்வெட்டுகள் ஒரு பெட்டியில் வீட்டுக்கு வந்தன. அந்த வரியை அச்சில் பார்த்தபோதுதான் உண்மையாகவே படிக்கவேண்டும் என்று நினைத்தேன். கணக்கியல் எனக்கு வராது. சின்னப் பிள்ளைகளோடு இருக்க வரும். கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்வதற்கு ஒரு கொலிஜில் வளர்ந்தவர்களுக்கென்று ஒரு படிப்பு இருந்தது. பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேலை அனுபவத்தைப் பார்ப்பார்கள், ஆனால் படிப்பை விட்டுக் கொஞ்சக் காலமாவது ஆகியிருக்கவேண்டும். இடம் தந்தார்கள். முழுநேரப் படிப்பு. வேலையை விடவேண்டும். அப்பாவின் சம்பளமும் இல்லை. உதவி கிடைக்காவிட்டால் போக முடியாது.

அம்மாவிடம், “அப்பா இல்லாதபடியா உதவிக் காசுக் கடுதாசியை மாத்தவேணும், ஒருக்கா கொலிஜுக்குப் போகோணும்” என்றேன். புதுப் பொய்.

“அப்ப நானும் வாறன். அவர் இல்லை எண்டதை நான்தானே சொல்லவேணும்.”

“அம்மா, அவை பிரெஞ்சிலை கதைப்பினம்.”

“கதைக்கட்டும். நான் பக்கத்திலை இருக்கிறன்.”

பிரெஞ்சு என்பதால் எனக்குப் பயம் இருக்கவில்லை. அம்மாவுக்கு அதில் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ தவிர ஒன்றும் தெரியாது. அவவுக்கு முன்னாலேயே உண்மையைச் சொல்லி, அவவுக்குத் தெரியாமலே காசை எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

உதவி அலுவலகத்தில் ஒரு இளம்பெண் இருந்தா. நான் பிரெஞ்சில் தொடங்கினேன். நாலு வருடமும் கொம்பனி தந்த வரிக் கடுதாசிகளைக் கொடுத்தேன். அவ ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு வருடம் போதும், உன்னிடம் நாலு இருக்கிறது, தாயின் வருமானம் தேவையில்லை என்றா. பிறகு, முதல் காசு வரப் பிந்தினால் கொலிஜில் அவசரத்துக்கென்று ஒரு சின்ன நிதி இருக்கிறது, வந்து கேள் என்றா. வேலைவாய்ப்பு அலுவலகமும் சிலருக்குப் படிப்புச் செலவைத் தரும், அங்கேயும் விசாரி, ஆனால் ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது என்றா. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா என் முழங்கையில் இடித்தா. “இவ எங்கட ஆள் மாதிரி இருக்கிறா. கேட்டுப் பார்.”

அவ நிமிர்ந்து சிரித்தா. “ஆமா ஆன்ட்டி, தமிழ்தான். திருச்சி. இங்க படிக்க வந்தேன், அப்படியே வேலை கெடச்சிருச்சு.”

இனி அவ தமிழில் ஒரு சொல் சொன்னால் போதும்.

“ஐயோ, தமிழே! எங்கை பிள்ளை இருக்கிறியள்?”

“நோத்ர-டாம்-த-கிரேஸ்ல, ஆன்ட்டி.”

“கலியாணம்?”

“அம்மா, விடுங்கோ.”

“கேட்டா என்ன? எல்லாரும் கேக்கிறதுதானே.” அம்மா கைப்பையைத் திறந்தா. “இவவின்ர அப்பா காலமாயிட்டார், பிள்ளை. இந்தாங்கோ, எல்லாம் இதிலை இருக்கு. பிறந்த திகதி, செத்த திகதி, படம்.”

கல்வெட்டு. அம்மா அதைக் கொண்டு வருவா என்று நான் நினைக்கவேயில்லை. இறப்புச் சான்றிதழை விட அதுதான் பெரிய அத்தாட்சி என்று அம்மா நம்பினா. அலுவலகத்துக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி, அப்பாவின் படத்தைப் பார்த்து, முதல் பக்கத்தை மெதுவாக வாசித்தா.

“பதினோராம் பக்கத்தை எடுங்கோ. இவவைப் பற்றியும் போட்டிருக்கு.” அம்மாவே பக்கத்தை எடுத்து விரலை வைத்தா.

அவ வாசித்தா. மேசையில் கிடந்த என் வரிக் கடுதாசிகளைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்துப் பிரெஞ்சுக்கு மாறினா. குரல் தாழ்ந்திருந்தது. “இதைக் கேட்காமல் விட என்னால் முடியாது. இந்த வருடங்களில் எங்கேயாவது முழுநேரமாகப் படித்தாயா? படித்திருந்தால் கணக்கு மாறும்.”

“இல்லை. அது பொய்” என்றேன் பிரெஞ்சில். “நான் சொன்ன பொய். அம்மாவுக்குத் தெரியாது.”

அவ தலையசைத்தா.

“என்னவாம்?” என்றா அம்மா.

“அப்பாவைப் பற்றி நல்லா எழுதியிருக்காம்.”

இதை நான் தமிழில் சொன்னேன். அவவுக்கு விளங்கும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவ தலைகுனிந்து புத்தகத்தை மூடினா. பிறகு அம்மாவைப் பார்த்து, “ஆமா ஆன்ட்டி, ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க” என்றா. முன்பின் தெரியாத ஒருத்தியை எனக்காகப் பொய் சொல்ல வைத்தேன். அவ புத்தகத்தைத் திருப்பித் தரும்போது என் கையைப் பார்த்துத்தான் தந்தா, முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம் என்றா. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து இன்றுவரை எந்த மாதம் எங்கே என்ன செய்தேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொண்டுவர வேண்டும்.

மெற்றோவில் அம்மா சொன்னா, “நல்ல பிள்ளை. ஆனா ஏன் உன்னைப் பாத்து ஒரு மாதிரி நிண்டவ?”

“வேலைக் களைப்பாக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா கல்வெட்டுப் பெட்டியை இழுத்து வைத்தா. லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ, ஊர் என்று அனுப்ப வேண்டியவை இன்னும் இருந்தன. அம்மா புத்தகத்தை உறைக்குள் போட்டு ஒட்டுவா, நான் விலாசம் எழுதவேண்டும். முதலாவது லண்டன் அத்தைக்கு. அப்பாவின் தங்கை. இரண்டாவது அப்பாவோடு படித்த ஒருவருக்கு. மூன்றாவது உறையில் பேனா ஓடவில்லை.

“அம்மா, நான் கொலிஜிலை படிக்கேல்லை.”

“என்ன?”

“ஒருநாளும் படிக்கேல்லை. அது அரசாங்கக் காசு இல்லை, என்ர சம்பளம். சான்விச் கொம்பனியிலை வேலை செய்யிறன். அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை வாங்கித் தந்தீங்களே, அதே கொம்பனி.”

அம்மா ஒட்டிக்கொண்டிருந்த உறையை ஒட்டி முடித்தா. ஓரத்தை விரலால் அழுத்தினா. பிறகு அடுத்ததை எடுக்கவில்லை.

“எவ்வளவு காலம்?”

“நாலு வருசம்.”

“ஞாயிற்றுக்கிழமை வந்த சனமெல்லாம்?”

“அவையளுக்குச் சரியாத்தான் நிரப்பினனான். எல்லாருக்கும் வந்தது.”

“இண்டைக்கு அந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சு போச்சு. எனக்குத்தான் தெரியாது. நான் பக்கத்தையும் எடுத்து விரலையும் வச்சுக் காட்டினன்.”

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது விளங்காமல் தலையாட்டியதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அம்மா எழும்பி யன்னலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றா. நான் அழுதேன். அம்மா திரும்பவில்லை.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. கேட்டுவிட்டேன். “அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ, அம்மா? என்ர நெத்தியிலை வேலையிலை போடுற வலைத்தொப்பியின்ர கோடு இருக்கும். அப்பாவும் குசினியிலை அதைத்தானே போட்டவர். கண்டிருப்பார். தெரிஞ்சும் பேசாமல் இருந்திருப்பாரோ?”

“இல்லை” என்றா அம்மா. “அவர் உன்னை நம்பினவர். தெரிஞ்சிருந்தா அவரின்ர வாயிலை அது ஒரு நாள் நிக்காது.”

யன்னல் சீலையை இழுத்துவிட்டு, “நீ அப்பிடி நினைச்சு ஆறாதை” என்றா.

அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மா என்னோடு அளவாகத்தான் கதைத்தா. சாப்பிடு, கதவைப் பூட்டு, அவ்வளவுதான். நாலாம் நாள் நான் அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தேன். அம்மா மரவள்ளிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தா.

“என்ன எழுதினனீ? வாசி. தமிழிலை சொல்லி வாசி.”

மாதம் மாதமாகச் சொன்னேன். இந்த மாதம் பள்ளிக்கூடத்தை விட்டேன், இந்த மாதம் வேலையில் சேர்ந்தேன், இந்த மாதம் வெட்டும் மெசினில் இருந்து பெட்டி அடைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அம்மா இடையில் நிறுத்தினா.

“அது மார்கழி இல்லை. மார்கழியிலை உனக்குக் காய்ச்சல். ஒரு கிழமை கொலிஜுக்குப் போகேல்லை.” சொல்லிவிட்டுக் கத்தியை வைத்தா. “வேலைக்குப் போகேல்லை” என்று தானே திருத்தினா.

நான் மார்கழியை வெட்டித் தை என்று மாற்றினேன்.

அடுத்த நாள் வேலையால் வந்து பார்த்தபோது கல்வெட்டுப் பெட்டி வெறுமையாக இருந்தது. அம்மா மேல்மாடி அன்ரியிடம் மிச்ச விலாசங்களை எழுதுவித்து எல்லாவற்றையும் தபாலில் போட்டுவிட்டா. அம்மாவே சொன்னா, “அது அவரின்ர புத்தகம். உனக்காக நிப்பாட்டி வைக்கேலாது.”

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. உதவி அனுமதித்திருந்தார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சரி” என்று சொல்லி வாங்கி, மின்சாரக் கட்டணக் கடிதங்கள் போடும் மேசை லாச்சியில் வைத்தா.

அந்தக் கிழமை லண்டன் அத்தை ஃபோன் எடுத்தா. கல்வெட்டு நேரத்தோடேயே கிடைத்ததாம், அப்போது வாசிக்க மனம் வரவில்லையாம், இப்போதுதான் முழுக்க வாசித்தாவாம். ஸ்பீக்கரில் அவவின் குரல் குசினி முழுக்கக் கேட்டது.

“மச்சாள், சின்னவள் கணக்கியல் படிக்கிறாளாம், அண்ணை சொல்லச் சொல்ல எங்களுக்குப் பெருமையா இருக்கும். இன்னும் படிக்கிறாளோ?”

அம்மா சுவரைப் பார்த்தா.

“ஓம்” என்றா. “ஓம், படிக்கிறாள்.”

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் மிச்சக் காசு கூடத் தந்துவிட்டால் அரை மணித்தியாலம் நடந்து போய்த் திருப்பிக் கொடுக்கிற ஆள். ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் பானையைக் கழுவத் தொடங்கினா. கழுவின பானையையே திரும்பவும் கழுவினா. அந்த ஒரு ‘ஓம்’ எனக்கு நாலு வருடப் பொய்யையும் விடப் பாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி அன்ரி வந்தா. கையில் படிவம்.

“பிள்ளை, இவன் சின்னவனுக்கும் இந்த வருசம் கொலிஜ். நீ கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவாய். உனக்கு இன்னும் வருதோ அந்தக் காசு?”

அம்மா அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. அவ வாயைத் திறப்பது எனக்குத் தெரிந்தது. “ஓம், அவளுக்கு...”

“வரேல்லை அன்ரி” என்றேன். “ஒருநாளும் வரேல்லை. இப்பத்தான் முதல்முறையா அனுமதிச்சிருக்கினம். நான் கொலிஜிலை படிக்கேல்லை. நாலு வருசமா சான்விச் கொம்பனியிலை வேலை.”

“என்ன பகிடி விடுறியே?”

“இல்லை, அன்ரி.”

அன்ரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. “அப்ப என்ர மூத்தவனுக்கு நீ நிரப்பினது?”

“அது சரியா நிரப்பினது. காசு வந்ததுதானே.”

“வந்தது. வந்ததுதான். அதுக்கில்லை...” அவ அம்மாவைப் பார்த்தா. “நீங்களும் சேந்தே, அக்கா? அண்டைக்கு என்ர வீட்டிலை வந்திருந்து விலாசம் எழுதுவிச்சியள்.”

“அம்மாவுக்கு நான் சொன்னது இப்பத்தான். அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது.”

“பாவம் அந்த மனிசன். ஒவ்வொரு வெள்ளியும் வேலைக்குப் போக முதல் கோயில் வாசல்லை நிண்டு, படிக்கிறதுக்குச் சம்பளம், படிக்கிறதுக்குச் சம்பளம் எண்டு...” அன்ரி எழும்பிச் சால்வையைச் சரி செய்தா. “நான் வாறன் அக்கா.”

அம்மா தேத்தண்ணியோடு நின்றா. கதவு மூடியது. மாடிப்படியில் அன்ரியின் செருப்புச் சத்தம் கேட்டது. இன்றைக்குள் முழுக் கட்டிடத்துக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கோயிலில் இனி அப்பாவின் பேச்சு வந்தால் இதுவும் சேர்ந்துதான் வரும். சனம் அவரைப் பார்த்து இரக்கப்பட நான் வழி செய்துவிட்டேன்.

அம்மா கோப்பையை என் முன்னால் வைத்தா. “நீ குடி” என்றா. என்னைப் பார்த்துச் சொன்னா.

அன்ரி கோபத்தில் படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தா. நான் அதை நிரப்பினேன். மூத்தவனுக்கு நிரப்பியதில் இருந்து வீட்டு விபரமெல்லாம் எனக்கு மனப்பாடம். அடுத்த நாள் அன்ரியின் சின்னவன் வந்து கதவடியில் நின்றபடியே படிவத்துக்குக் கையை நீட்டினான். அவன் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்திலும் தாய் தகப்பன் வைக்கவேண்டிய இடத்திலும் பென்சிலால் புள்ளடிக் குறி போட்டுக் கொடுத்தேன்.